காத்திருப்பவை இருபத்து மூன்று

திரையின் இடது மூலையில் இருந்த அந்தச் சிறிய எண் நான்கைத் தாண்டக் கூடாது. ஊத்துமலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் நட்டிருந்தவை நான்கே நான்கு மழைமானிகள். அவை நான்கும் ஒரே நொடியில் சேதி அனுப்பினாலும், முறை வரும்வரை காத்து நிற்கும் சேதிகள் நான்குதான் இருக்க முடியும். ஜெசீகா கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, நூறுவரை எண்ணி, திரும்பப் போட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த எண் பழையபடி வந்து நின்றது.

காத்திருப்பவை: இருபத்து மூன்று.

அந்த எண்ணை எங்கே கேள்விப்பட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த இடத்துக்குப் போக மனம் மறுத்தது. கணக்கில் ஏதோ பிழை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் இருந்தது தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராவில். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போவதற்காகக் கட்டிய நீளமான தகரக் கூரைக் கட்டடம். தொழிலாளர் குடியிருந்த கீழ்ப்பிரிவு லயங்கள் மண்சரிவில் புதைந்துபோனதிலிருந்து இரண்டு வருசமாக அங்கே விடுவதற்குப் பிள்ளைகள் இல்லை. பெரிய கூடத்தின் கோடியில், ஒரு காலத்தில் பால்மா டின்கள் வைத்திருந்த சிற்றறையை மண்சரிவு எச்சரிக்கை இயந்திரத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். மணி மூன்றுதான். ஆனாலும் கார்த்திகை மழைக்கு முந்திய பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கி, சவுக்கு மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, முற்றத்தைக் கடந்து, சன்னல் கம்பிகள்வரை வந்து ஈரத் துணியைப் போல ஒட்டிக்கொண்டு நின்றது. கூரையின் ஏதோ ஒரு மூலையிலிருந்து நீர் சொட்டியது. அப்போதுதான் வெட்டித் திருப்பிய மண்ணின் வாசனை ஒன்று, தேயிலை வேரின் கசப்போடு, கதவுக்குக் கீழால் வந்தது. சுற்றுவட்டாரத்தில் யாரும் எதையும் வெட்டவில்லை.

ஜெசீகாவுக்கு முப்பத்தொரு வயது. கொழும்பில் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறாள். தூரத்திலுள்ள கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் லைப்ரரி ஒன்று அந்த நிறுவனத்தின் சரக்கு. மற்ற மென்பொருள்காரர்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் வேலையில் பொருத்திக்கொள்வார்கள். அதில் பாதி அவள் கையால் எழுதியது. புது இயந்திரத்தை மறுநாள் காலை அதிகாரிகளுக்கு இயக்கிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் இன்னும் பதினான்கு தோட்டங்களுக்கு வாங்குவார்கள். பதுளையில், பஸ்ஸில் நாற்பது நிமிடத் தூரத்தில், அப்பா பாக்கியநாதன் தனியாக இருந்தார். வந்திருப்பதை அவரிடம் அவள் சொல்லவில்லை. இரண்டு வருசமாகவே அவரிடம் அவள் பெரிதாக எதையும் சொல்வதில்லை. யாரிடமும் சொல்வதில்லை.

எண்ணின் மேல் சொடுக்கினாள். இருபத்து மூன்று சேதிகளும் வரிசையாக விரிந்தன. அனுப்பியது: ஏழாம் இலக்க மழைமானி. எல்லாமே ஏழாம் இலக்கம்.

இப்போது தோட்டத்தில் ஏழாம் இலக்கம் என்று ஒன்று இல்லை. அது கீழ்ப்பிரிவில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் கம்பத்தில், ஓர் எச்சரிக்கைச் சங்கோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருந்தது. கோயிலோடும் கம்பத்தோடும் நாற்பதடி மண்ணுக்குக் கீழே போனது. புதிதாக நட்ட நான்குக்கும் வேண்டுமென்றே எட்டிலிருந்து இலக்கம் போட்டார்கள்.

காத்திருக்கத் தொடங்கிய நேரம் அடுத்த கட்டத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று பன்னிரண்டு. இரண்டு வருசத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.

அவள் கை மவுஸின்மேல் அப்படியே கிடந்தது. இந்தக் கணினி போன மாதம் வாங்கியது. பெட்டியைப் பிரித்தவளே அவள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

அந்த ஞாயிறு அவளுக்குத் தெரியும்.

ஒரு மென்பொருள் ஒரே நேரத்தில் பல வேலை செய்யும். ஒவ்வொரு வேலையும் ஓர் இழை. இரண்டு இழைகள் ஒரே பட்டியலில் ஒரே நொடியில் கைவைத்தால் பட்டியல் குழம்பிப்போகும் என்பதால் பட்டியலுக்குப் பூட்டு உண்டு. பூட்டை எடுத்தவர் வேலையை முடித்து அதை விடும்வரை மற்றவர் வாசலில் நிற்க வேண்டும். ஜெசீகாவின் லைப்ரரியில் பூட்டுகள் இரண்டு: சேதிகளுக்கு ஒன்று, இணைப்புகளுக்கு ஒன்று. சேதி வாங்கும் இழை முதலில் சேதிப் பூட்டை எடுத்து, பிறகு இணைப்புப் பூட்டைக் கேட்கும். அறுந்த இணைப்புகளைத் துப்புரவு செய்யும் இழையை எழுதியபோது அவள் அதை மாற்றிப் போட்டுவிட்டாள். அது இணைப்புப் பூட்டை எடுத்துக்கொண்டு சேதிப் பூட்டைக் கேட்டது. இரண்டும் ஒரே நொடியில் சந்தித்தால், ஒன்றின் கையில் இருப்பதை மற்றது கேட்கும். இரண்டும் விடாது. கணினி ஓடிக்கொண்டேயிருக்கும், பச்சை விளக்கு எரியும், ஒன்றும் நடக்காது. கொழும்பு மேசையில் பதினெட்டு மாதம் சோதித்தும் ஒரு தடவைகூட அது சந்திக்கவில்லை. சேதிகள் குவிவதும் இணைப்புகள் அறுவதும் ஒரே நேரத்தில் நடப்பது பெருமழையில் மட்டும்தான். அந்த ஞாயிறு பெய்தது அப்படியொரு மழை; சங்கு ஊதவில்லை.

மின்னல் தாக்கி இயந்திரம் செயலிழந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். பழைய இயந்திரத்தின் பதிவைப் படித்தது அவள் ஒருத்தி. படித்துவிட்டு அதை அழித்தாள். நான்கு வரியைத் திருத்தினாள். திருத்தத்துக்குப் பக்கத்தில் 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று குறிப்பு எழுதினாள்.

கடைசிக் கட்டம் மிச்சமிருந்தது. பூட்டை வைத்திருப்பவர் யார் என்று காட்டும் கட்டம். ஆரம்ப காலத்தில் விளையாட்டாக ஓர் இழைக்குத் தன் பெயரை வைத்திருந்தாள். அதை எப்போதோ நீக்கியாயிற்று.

பூட்டை வைத்திருப்பவர்: ஜெசீகா.

அப்போதுதான் சத்தம் கேட்டது. தரைக்குக் கீழே. பலகையின் அடிப்பக்கத்தில் முழங்கையால் தட்டுவது போல ஒரே ஒரு தட்டு. திரை ஒருமுறை கண் சிமிட்டி, எல்லாச் சேதிகளுக்கும் பக்கத்தில் 'மறுபடி முயல்கிறது' என்று காட்டியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். கூரைச் சொட்டு. சவுக்கு மரத்தின் இரைச்சல். திரை மறுபடி சிமிட்டியது. கீழே மறுபடி தட்டு.

எட்டு விநாடிக்கு ஒரு தடவை. பூட்டுக் கிடைக்காத சேதி எட்டு விநாடிக்கு ஒரு தடவை மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதியதும் அவள்தான்.

வெளியே வந்து முற்றத்தில் நின்று அண்ணன் என்ற மரியாதையில் 'நானா' என்று அவள் கூப்பிடும் மேலாளர் றில்வானுக்குப் போன் எடுத்தாள். அங்கே ஒரு முனையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

"பழைய சேதி சிக்கி நிக்குது, நானா. பூட்டு விடுபடலை."

"ஆர் வெச்சிருக்கிறது பூட்ட?"

அவள் கூடத்து வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, ஆர் வெச்சிருந்தா என்ன, ஒடைச்சு விடுங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு அவங்க வாறாங்க. சிக்கி நிண்ட சேதியெல்லாம் வெளியே போகட்டும், பொறகு சுத்தமா ஓடும்."

"நானா, அன்னைக்கி நடந்தது மின்னல் இல்ல." வாய்விட்டுச் சொல்லியே விட்டாள். இரண்டு வருசத்தில் முதல் தடவை. "நானா?"

போன் எப்போதோ அறுந்திருந்தது. அணைந்திருந்த போன் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. திரும்ப எடுக்க விரல் எழவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் உருவம் பிரிந்து வந்தபோது அவள் கத்தியே இருப்பாள். தோட்டக் காவல்காரர் கந்தப்பன். நாற்பத்தைந்து வயது மனிதர், கம்பளிக்குள் ஒடுங்கிப்போன தோள்கள், கையில் தூக்குப் போணி.

"சாயத்தண்ணி கொண்டாந்தேன் மிஸ். சூடா குடிங்க. குளிரு எலும்புக்குள்ள போயிரும்."

உள்ளே வந்து வெறுந்தேநீரைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஷின் சரியாயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லண்ணே."

"சரியாக்கிருங்க மிஸ். மேலே இன்னும் அறுபது குடும்பம் இருக்கு." போணியின் மூடியை அழுத்தி மூடினார். "எங்க வீட்டுக்காரி ஜெயந்தினி இருக்காளே, சொன்னா சொன்னபடி நடக்கிற ஆளு. ரெண்டு தடவ பழக்கிக் காட்டுனாங்கல்ல. சங்கு ஊதுனா லயத்த விட்டுக் கெளம்பி வரிசையா இங்க வரணும், வரிசையா ஒக்காரணும்னு. அன்னைக்கி பக்கத்து வீட்டு ரமேஸ் ரெண்டு மணிக்கே புள்ளகுட்டியோட கெளம்பிட்டான். இவளையும் கூப்ட்டிருக்கான். 'சங்கு ஊதலியேண்ணே, ஊதட்டும் வாரோம்'னு சொல்லியிருக்கா. நான் ஸ்டோருல தேயில அரைச்சுக்கிட்டு நின்னேன். மகளுக்கு ஆறு வயசு."

மகளின் பெயரைச் சொல்லப்போய், சொல்லாமல் விட்டார்.

"இருபத்து மூணு பேரு மிஸ். பன்னெண்டு பேரத்தான் தோண்டி எடுத்தாங்க. இவங்க ரெண்டு பேரும் இன்னும் அங்கதான். மின்னலுன்னு சொன்னாங்க. மின்னலுக்கு யாரைப் போயி என்ன கேக்கிறது?"

இதுதான் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு வாக்கியம் போதும்.

"ஆமாண்ணே," என்றாள். "மின்னல்தான்."

கீழேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. இப்போது அது ஒரு தட்டாக இல்லை. பல கைகள் ஒன்றாகத் தட்டியது போல இருந்தது.

"அண்ணே, கீழேயிருந்து ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

கந்தப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எனக்கு எந்த நாளும் கேக்கும் மிஸ்," என்றார். "அது என்னோட வெசயம். நீங்க அத நெனச்சுப் பயந்துக்காதீங்க." தூக்குப் போணியை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தார். ஐந்தாவது அடியில் முதுகு மறைந்தது. பத்தாவது அடியில் செருப்புச் சத்தமும் போயிற்று.

அவள் கதவைச் சாத்தினாள். மண்வாசனை இப்போது அறைக்குள்ளேயே இருந்தது. மேசையின் மேல், விசைப்பலகையின் இடுக்குகளில், தன் விரல்களில். நான்கு மணிக்கே வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. விளக்கைப் போட்டாள். விளக்கின் ஒளி சன்னலைத் தாண்டவில்லை. எட்டு விநாடி. தட்டு. எட்டு விநாடி. தட்டு. ஒவ்வொன்றுக்கும் இடையில் அடுத்ததை எதிர்பார்த்துக் கழுத்து நரம்பு இறுகியது. தட்டு வருவதைவிட அதற்கு முந்திய ஏழாவது விநாடியைத் தாங்க முடியவில்லை.

வைத்திருப்பவரைக் கேளாமல் பூட்டைப் பறிக்க ஒரு வழி இருந்தது. செய்யக் கூடாத வேலை. பூட்டுக்குள்ளே பாதியில் நிற்கும் காரியம் எதுவென்று தெரியாமல் கதவைத் திறந்துவிடுவது அது. பழகுநர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சோதனை நேரத்தில் மேல்பிரிவு மக்கள் பயந்துவிடக் கூடாதென்று தேயிலை அரைக்கும் ஸ்டோரின் கூரையிலிருந்த சங்கின் கம்பியைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தாள். அந்தக் கம்பி மேசையில் சுருண்டு கிடந்தது. எதுவும் ஊதாது. சேதிகள் போகும், எண் பூச்சியமாகும், தட்டு நிற்கும். அவ்வளவுதான்.

மூன்று வரி எழுதினாள். விசையை அழுத்தினாள்.

பூட்டை வைத்திருப்பவர்: எவருமில்லை.

எண் இறங்கத் தொடங்கியது. இருபத்திரண்டு. இருபத்தொன்று. ஒவ்வொரு சேதிக்கும் நேராக ஒரு வரி எழுந்தது. அனுப்பப்பட்டது, ஏழாம் இலக்கச் சங்குக்கு. இருபது. பத்தொன்பது. ஒன்றுக்குப் பின் ஒன்று, அவசரமில்லாமல், ஒருவர் போக வழிவிட்டு அடுத்தவர் போவது போல. மூன்று. இரண்டு. ஒன்று.

பூச்சியம்.

எட்டு விநாடி காத்திருந்தாள். இன்னொரு எட்டு. தட்டு இல்லை. கூரைச் சொட்டுக்கூட நின்றிருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தோள்கள் இறங்கின.

முதலில் அது காதில் கேட்கவில்லை. உள்ளங்காலில் கேட்டது. சிமெந்துத் தரை மெல்ல நடுங்க, நடுக்கம் கணுக்கால் வழியாக முழங்காலுக்கு ஏறி, பல்லுக்கு வந்து, கோப்பையில் மிச்சமிருந்த சாயத்தண்ணியில் வட்டம் வட்டமாகப் படர்ந்தது. பிறகுதான் ஒலியாயிற்று. வாய் நிறைய மண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் அலறுவது போல, அடைத்து, ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. சரிவுக்குக் கீழே. நாற்பதடிக்குக் கீழே.

சங்கு.

கூடத்தின் வாசலுக்கு ஓடினாள். பனி. வெள்ளைச் சுவர். அதற்கு அப்பால் கீழ்ப்பிரிவு இருந்த இடம், இப்போது புல் நட்டு வேலியடைத்த வெறும் சரிவு. ஒன்றும் தெரியவில்லை. சங்கு ஏறி இறங்கியது. அது இறங்கிய இடைவெளியில் வேறொன்று கேட்டது.

சேற்றிலிருந்து காலை உருவும் சத்தம்.

ஒரு கால். இன்னொரு கால். பிறகு பல. ஓடவில்லை. நடந்தார்கள். பழக்கிக் காட்டியபடி, வரிசையாக.

அவள் சிற்றறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டாள். முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். வெளிவாசல் கூடத்துக்கு அந்தப் பக்கம். சன்னலில் கம்பி. வேறு வழியில்லை. கூடத்துத் தரையில் ஈரக்கால்கள் பதிந்தன. யாரும் பேசவில்லை. யாரும் இருமவில்லை. துணி நனைந்த பாரத்தோடு ஒருவர் உட்காரும் சத்தம். அடுத்தவர். அடுத்தவர். எண்ண வேண்டாம் என்று நினைத்தாள். எண்ணினாள்.

இருபத்து மூன்று.

பிறகு அமைதி. சங்கு மட்டும். அவள் நின்றாள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. எதுவும் கதவைத் தொடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தாழ்ப்பாளை அவளே எடுத்தாள். கதவை அவளே திறந்தாள்.

ஐந்து வரிசை. சப்பணமிட்டு, கைகளை மடியில் வைத்து. ஞாயிற்றுக்கிழமை வீட்டு உடைகள். ஒருவரின் தோளில் துவாய். ஒரு கிழவியின் மடியில் மூடிய சட்டி. முகங்களில் சிவந்த மண் வழவழவென்று அப்பியிருந்தது. கண்ணிருக்கும் இடமும் மண்தான். முன்வரிசையில் ஒருத்தி ஒரு சிறுமியைப் பக்கத்தில் அணைத்தபடி இருந்தாள். அவள் வாய் திறந்தது. முதலில் மண் கொட்டியது. பிறகு குரல்.

"இப்பத்தான் மிஸ் சங்கு ஊதுச்சு." மூச்சு வாங்கினாள். தப்புச் செய்துவிட்ட பிள்ளை போன்ற பணிவு. "ஊதின ஒடனே வந்துட்டோம்."

முற்றத்தில் யாரோ ஓடி வந்தார்கள். உயிருள்ள ஓட்டம். செருப்பு ஒன்று வழியில் கழன்று, ஒற்றைக் கால் கல்லில் அடிபட்டு, இரைக்க இரைக்க. கந்தப்பன் வாசலில் வந்து நின்றார். போங்கண்ணே என்று கத்த நினைத்தாள்.

அவர் பார்த்தார். அலறவில்லை. கம்பளியைக் கழற்றினார். வரிசைகளுக்கு இடையால் யார் காலும் மிதிபடாமல் நடந்து முன்னால் வந்து, மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சிறுமியைத் தூக்கி மடியில் வைத்துக் கம்பளியால் போர்த்தினார். அவள் கன்னத்து மண்ணைக் கையால் வழித்தார். வழித்த இடத்தில் மறுபடி மண் ஊறியது. மறுபடி வழித்தார்.

பிறகு தலையை நிமிர்த்தி ஜெசீகாவைப் பார்த்தார்.

"ஏன் மிஸ்," என்றார், "இவ்ளோ நேரமாச்சு?"

சங்கு நின்றது.

மண்ணப்பிய முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. ஒருவரும் அவசரப்படவில்லை. கூடத்தில் ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை. தகப்பன் மடியிலிருந்த சிறுமி தலையைச் சாய்த்து, சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுத் துழாவினாள். உள்ளேயிருந்த சேறு கட்டி கட்டியாகச் சிமெந்தில் விழுந்தது. பதிலை நன்றாகக் கேட்பதற்காக. ஒரு காதைச் சுத்தம் செய்து முடித்துவிட்டு, அவள் மறு காதுக்கு விரலைக் கொண்டுபோனாள்.